பவுல் யான்சென்

பவுல் யான்சென் (செப்டம்பர் 12, 1926 - நவம்பர் 11, 2003) பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் மருந்தியல் ஆய்வாளரும் ஆவார். இவரும் இவரது குழுவினரும் 80-க்கும் மேற்பட்ட மருந்துகளைக் கண்டுபிடித்தனர். மனநோய்க்கான ஹாலோபெரிடால், வலிநீக்கியான ஃபென்டனில், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு, குமட்டலையும் வாந்தியையும் அடக்கும் டொம்பெரிடோன் ஆகியன அவற்றுட் சில.

பிறப்பும் கல்வியும்

பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட் நகரில் பிறந்தார். தந்தை கான்ஸ்டன்ட் யான்சென் மருத்துவர். மருந்து விற்பனை நிறுவனம் ஒன்றையும் நடத்தி வந்தார். பவுல் யான்சென் நமூர், லூவன், கென்ட் ஆகிய நகரங்களில் பயின்று, 1951-ஆம் ஆண்டு கென்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1953-இல் தந்தையிடம் கடன் பெற்றுச் சொந்த ஆய்வகத்தைத் தொடங்கினார். இது பின்னர் பேர்சே என்னும் ஊரில் விரிவடைந்தது. 1961-இல் அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துடன் இணைந்தது.

வாந்தி அடக்கும் மருந்துகள்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்தில், குருதியில் கலந்த நச்சுப் பொருட்களை உணரும் சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள டோபமைன் ஏற்பிகள் தூண்டப்பட்டால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். அபோமார்பின் என்னும் பொருள் இவ்வாறே வாந்தியைத் தூண்டுகிறது. யான்செனின் ஆய்வகத்தில் நாய்களுக்கு அபோமார்பின் கொடுத்து, வாந்தியைத் தடுக்கும் பொருட்கள் எவையெனச் சோதிக்கப்பட்டன. 1958-இல் உருவாக்கப்பட்ட ஹாலோபெரிடால் இச்சோதனையில் வலிமையாகச் செயற்பட்டது.

ஆயினும் ஹாலோபெரிடால் மூளையின் உட்பகுதிகளிலும் டோபமைனைத் தடுப்பதால் நடுக்கம், தசை இறுக்கம் முதலிய பக்கவிளைவுகள் தோன்றின. இதற்கு 1974-இல் உருவாக்கப்பட்ட டொம்பெரிடோன் ஒரு தீர்வாக அமைந்தது. குருதியிலுள்ள பல பொருட்கள் மூளைக்குள் நுழையாதவாறு ஒரு தடுப்பு காக்கிறது. டொம்பெரிடோன் இத்தடுப்பை மிகக் குறைவாகவே கடக்கும். நச்சுணரும் பகுதியிலோ இத்தடுப்பு வலுவற்றது. ஆதலால் மருந்து அங்கு மட்டும் சென்று வாந்தியை அடக்குகிறது. இரைப்பையிலுள்ள டோபமைன் ஏற்பிகளையும் தடுத்து, உணவு விரைவாகக் குடலுக்குச் செல்ல உதவுகிறது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா உட்கொள்வோருக்கு ஏற்படும் குமட்டலை, அம்மருந்தின் பயனைக் கெடுக்காமல் தணிக்க இது பயன்படுகிறது.

பாதுகாப்புக் கட்டுப்பாடுகள்

மூளைக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத டொம்பெரிடோன், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பது பின்னர் அறியப்பட்டது. முதியோருக்கும் இதய நோயாளருக்கும் இந்த ஆபத்து மிகுதி. யான்செனின் ஆய்வகத்திலேயே உருவான கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சை மருந்து, டொம்பெரிடோன் உடலில் சிதைவதைத் தடுத்துக் குருதியில் அதன் அளவை உயர்த்துவதால் இரண்டையும் சேர்த்து உட்கொள்ளலாகாது. 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை, பெரியவர்களுக்கு 10 மி.கி. வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளைக்கு மிகாமலும், பொதுவாக ஒரு வாரத்திற்கு மேற்படாமலும் கொடுக்குமாறு வரையறுத்தது. அமெரிக்காவில் இம்மருந்து பொது விற்பனைக்கு ஒப்புதல் பெறவில்லை.

மறைவு

2003-இல் திருத்தந்தை அறிவியல் கழகத்தின் 400-ஆம் ஆண்டு விழாவிற்காக உரோம் நகருக்குச் சென்றிருந்தபோது காலமானார். 2005-இல் பெல்ஜியத்தின் டச்சு மொழித் தொலைக்காட்சி நடத்திய மாபெரும் பெல்ஜியர் வாக்கெடுப்பில் பாதிரியார் டேமியனுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார்.