பெஞ்சில் வளர்ந்த பையன்

1925-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். அமெரிக்காவில், நியூயார்க் நகரில் உள்ள போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். வயது 16. குள்ளமான உருவம். தெற்கே லூசியானா மாநிலத்தில் இருந்து, தன்னந்தனியாக ரெயில் ஏறி வந்திருந்தான்.

மைதானத்தில் அவன் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். பந்து வந்தது. வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினான். காலை ஓங்கித் தரையில் வைத்தான். அடித்தான்! பந்து பறந்து போய் ரசிகர்கள் உட்காரும் இடத்தில் விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே!

பார்த்துக் கொண்டிருந்தவர்கள் அசந்து போனார்கள்.

அந்தச் சிறுவன்தான் மெல் ஓட். பின்னாளில் பேஸ்பால் உலகில் பெரும் புகழ் பெற்றவர்.

ஏழை வீட்டுப் பிள்ளை

மெல் ஓட் 1909-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி, லூசியானாவில் கிரெட்னா என்ற ஊரில் பிறந்தார். தந்தை, பருத்தி விதை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார்.

பையனுக்குப் பந்தாட்டத்தில் உயிர். பக்கத்தில் இருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரக் கோஷ்டியில் இடம் கேட்டுப் போனான். ஆள் சின்னதாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பி விட்டார்கள்.

அவன் மனம் உடையவில்லை. மர வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த ஹாரி வில்லியம்ஸ் என்ற செல்வர், தம் ஊரில் சொந்தமாக ஒரு கோஷ்டி வைத்திருந்தார். அதில் சேர்ந்து ஆடினான். பையனின் அடியைப் பார்த்த வில்லியம்ஸ், தம் நண்பர் ஜான் மெக்ராவிடம் அவனைப் பற்றிச் சொன்னார். நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டியின் மானேஜர்தான் மெக்ரா.

நியூயார்க் போகும்படி வில்லியம்ஸ் சொன்னபோது, அதைப் பையன் வேடிக்கை என்றே நினைத்தான். அவரே ரெயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நம்பினான்.

மெக்ராவின் தலைவலி

மெக்ரா லேசுப்பட்ட ஆள் அல்ல. 1902-ம் ஆண்டு முதல் ஜயண்ட்ஸ் கோஷ்டியைக் கட்டி ஆண்டவர். கோபக்காரர். அவர் குரலைக் கேட்டாலே ஆட்டக்காரர்கள் நடுங்குவார்கள்.

பையனைக் கோஷ்டியில் சேர்த்துக் கொண்டார். ஆனால் அவனை என்ன செய்வது?

அமெரிக்காவில் பெரிய கோஷ்டிகளுக்குக் கீழே சிறிய ஊர்க் கோஷ்டிகள் பல உண்டு. இளைஞர்களை முதலில் அங்கே அனுப்புவார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆடிப் பழகிய பின்னர், மேலே அழைத்துக் கொள்வார்கள். அதுதான் வழக்கம்.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. பழுக்கும் முன்னே பறித்தால் காய் வீணாகும். பழுத்த பின்னும் பறிக்காமல் விட்டால் பிறர் பறித்துக் கொண்டு போவார்கள்!

இரண்டாவது ஆபத்தை ஜயண்ட்ஸ் கோஷ்டி அதே 1925-ம் ஆண்டில் அனுபவித்தது. ஹாக் வில்சன் என்ற ஆட்டக்காரரை டொலீடோ நகரக் கோஷ்டிக்கு அனுப்பியது. பிறகு அவரைத் தன் வசம் வைத்துக் கொள்ளத் தவறி விட்டது. சிகாகோ கப்ஸ் கோஷ்டி அவரைத் தட்டிக் கொண்டு போனது. 1930-ம் ஆண்டில் அதே வில்சன், தம் அடியால் 191 ஓட்டங்களைத் தம் கோஷ்டிக்குத் தேடித் தந்தார். ஒரே ஆண்டில் அத்தனை ஓட்டம் தேடித் தந்தவர் இன்று வரை வேறு யாரும் இல்லை!

பக்கத்தில் ஓர் இடம்

1926-ம் ஆண்டு, டொலீடோ கோஷ்டியின் மானேஜர் கேசி ஸ்டெங்கல், பையனைத் தம்மிடம் அனுப்பும்படி கேட்டார். தினமும் ஆட வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்.

மெக்ரா மறுத்து விட்டார்.

காரணம், பையன் தூக்கிய அந்தக் கால்தான்! யாரும் அப்படி ஆடுவதில்லை. வேறு ஒரு மானேஜரிடம் போனால், முதல் வேலையாக அதை மாற்றி விடுவார்கள். மாற்றினால் அடியும் போய்விடும் என்று மெக்ரா அஞ்சினார்.

அதற்காக 17 வயதுப் பையனை உடனே களத்தில் இறக்கி விடவும் இல்லை. பெஞ்சில் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கொண்டார். ஒவ்வோர் ஆட்டத்தையும் அருகிருந்து விளக்கினார்.

இன்னொரு காரியமும் செய்தார். மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பதுதான் ஓட்டின் பழைய வேலை. அப்படியே விட்டால் பையனின் கால்கள் கெட்டுப் போகும் என்று, மைதானத்தின் வெளிப்புறத்தில் நின்று பந்து பிடிக்கப் பழக்கினார்.

முதல் ஆண்டில் 35 ஆட்டங்களில்தான் ஓட்டுக்கு இடம் கிடைத்தது. 1927-ல் 82 ஆட்டங்கள். பந்தை எட்டாத இடத்துக்கு அடித்து, ஒரே மூச்சில் சுற்றி ஓடி வருவதற்கு ஹோம் ரன் என்று பெயர். அந்த இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து அவர் அடித்தது ஒரே ஒரு ஹோம் ரன்!

மற்றொருவராக இருந்தால் பொறுமை இழந்திருப்பார். மெக்ரா அவசரப்படவில்லை. ஓட்டும் சலிக்கவில்லை.

மலர்ந்தது திறமை

1928-ல் ஓட் நிரந்தர ஆட்டக்காரர் ஆனார். 18 ஹோம் ரன் அடித்தார். 1929-ல் 42! அப்போது அவருக்கு வயது 20.

அந்த ஆண்டு முடியும் தறுவாயில் பிலடெல்பியாவுடன் ஆட்டம். பிலடெல்பியாவின் சக் கிளைன் 43 ஹோம் ரன் அடித்திருந்தார். ஓட் அவரை எட்டிப் பிடித்து விடக் கூடாதே! பிலடெல்பியா வீச்சாளர்கள் அடிக்க முடியாத பந்துகளாகவே போட்டு, ஐந்து முறை ஓட்டைச் சும்மா நடக்க விட்டார்கள். 20 வயதுப் பையனைக் கண்டு அவ்வளவு பயம்!

1933-ல் ஜயண்ட்ஸ் கோஷ்டி உலகக் கோப்பைக்கு நிகரான வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை வென்றது. கடைசி ஆட்டத்தின் பத்தாவது சுற்றில் வெற்றி தேடித் தந்தது, ஓட் அடித்த ஹோம் ரன்தான்.

1947-ல் அவர் ஓய்வு பெற்றபோது மொத்தக் கணக்கு 511. 22 ஆண்டுகளும் ஒரே கோஷ்டி!

இதில் பாதிக்கு மேல், 323 ஹோம் ரன்கள், சொந்த மைதானத்தில் அடித்தவை. அங்கே வலது பக்க எல்லை மிகக் கிட்டத்தில் இருந்தது. ஆனால் அதே எல்லையைப் பார்த்து ஆடிய மற்ற ஜயண்ட்ஸ் ஆட்டக்காரர்கள் யாரும் அதுவரை 511 அடிக்கவில்லையே!

எல்லோருக்கும் பொருந்துமா?

ஓட்டைப் பார்த்து எல்லாச் சிறுவர்களையும் மேலே ஏற்றி விடலாமா? கூடாது.

1944-ல் போர்க்காலம். ஆட்டக்காரர்கள் பலர் படைக்குப் போய்விட்டார்கள். சின்சினாட்டி கோஷ்டி, ஜோ நக்சால் என்ற 15 வயதுச் சிறுவனைப் பந்து வீச இறக்கியது. பாவம், அவன் தடுமாறிப் போனான். எதிரிகள் 5 ஓட்டம் எடுத்து விட்டார்கள். அவன் மறுபடி பெரிய கோஷ்டியில் ஆட 1952-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டி இருந்தது.

ஓட்டும் சிறுவன்தான். நக்சாலும் சிறுவன்தான். ஓட்டுக்கு இரண்டு ஆண்டு பெஞ்சு கிடைத்தது. நக்சாலுக்கு அப்படி இரண்டு ஆண்டு கிடைக்கவில்லை.

கடைசி நாட்கள்

1942 முதல் ஓட்டே ஜயண்ட்ஸ் மானேஜர் ஆனார். மெக்ராவின் கோபம் அவரிடம் இல்லை. மிகவும் நல்ல மனிதர். ஆனால் கோஷ்டி பட்டம் வெல்லவில்லை. 1948-ல் அந்தப் பதவி லியோ டுரோச்சரிடம் போனது. 1951-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஓட்டின் பெயர் இடம் பெற்றது.

1958 நவம்பரில், ஓட் தம் மனைவியுடன் காரில் போனபோது விபத்து நேர்ந்தது. 21-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 49.

1951-ல் ஜயண்ட்ஸ் கோஷ்டிக்கு இன்னோர் இளைஞர் வந்தார். பெயர் வில்லி மேஸ். வயது 20. தொடக்கத்தில் அடி சரியாக அமையவே இல்லை. அழுது புலம்பினார். டுரோச்சர் அவரைக் கீழே அனுப்பாமல், தைரியம் சொல்லி ஆட வைத்தார். அந்த மேஸ்தான் 1966-ல் ஓட்டின் 511-ஐத் தாண்டினார்!

ஒருவருக்குப் பெஞ்சு. மற்றவருக்குக் களம். இருவருக்கும் பக்கத்தில், பொறுமையோடு நின்ற ஒரு பெரியவர் இருந்தார்.

நம் வீட்டிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள். எந்த வயதில் எதில் சேர்க்கலாம் என்று கணக்குப் போடுகிறோம். சேர்த்த பிறகு, பக்கத்தில் உட்கார நமக்கு நேரம் உண்டா?