வாசிகசாலையில் ஒரு நீர்க்காகம்

கற்பிட்டிப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் சனிக்கிழமைகளில் மேசைகளைச் சுவரோரம் தள்ளி, பாய் விரித்து, முன்பள்ளிப் பிள்ளைகளை ஆடவைக்கிறார் ஓர் ஆசிரியை. சலங்கை இல்லை, ஒப்பனை இல்லை. படப் புத்தகத்தில் ஒரு பறவையைப் பார்ப்பார்கள். பிறகு களப்போரம் போய் அதையே நேரில் பார்ப்பார்கள். திரும்பி வந்து அதுவாகவே மாறிவிடுவார்கள். கூழைக்கடா, நண்டு, கண்டல் வேர் எல்லாம் ஆடப்படும். புத்தளம் என்பதால் கழுதையும் உண்டு.

இவர்களில் பாதிப் பேர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். மற்றவர்கள் கரைவலை இழுக்கும் தமிழ் வீடுகளின் பிள்ளைகள். பரதம் என்று பெயர் வைத்தால் பலர் வரமாட்டார்கள் என்பது ஆசிரியையின் பயம். எனக்கோ பரதம் என்றாலே பட்டும் நகையும் அரங்கேற்றச் செலவும்தான். இடம்பெயர்ந்திருந்த ஊரில் நடன வகுப்பு யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவள் நான். அந்தப் பழைய கோபத்தோடுதான் ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன்.

1904 பெப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர். பதினாறு வயதில் ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேலை மணந்தபோது ஊரே கொதித்தது. 1928இல் பம்பாயில் ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். இறக்கும் அன்னமாக ஆடிய சில நிமிட நடனத்தால் உலகப் புகழ் பெற்றவர் பாவ்லோவா. அவுஸ்திரேலியா போகும் கப்பலில் இருவரும் நெருங்கினார்கள். உன் மண்ணின் ஆட்டத்தைத் தேடு என்ற பொருளில் பாவ்லோவா சொன்ன யோசனைதான் ருக்மிணியைத் திருப்பியது.

அந்த ஆட்டம் சதிர். கோயில்களை அண்டி வாழ்ந்த பெண்கள் ஆடியது. இழிசொல்லும் சுமந்திருந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் விழாவில் ஆடினார். அடுத்த மாதமே, பின்னாளில் கலாக்ஷேத்திரா என்று பெயர் பெற்ற கலைப்பள்ளி தொடங்கியது. மரநிழலே வகுப்பறை.

அவர் சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியைக் கூட்டினார். பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. பரம்பரையாக ஆடிய பெண்கள் பலர் மெல்ல மேடையிலிருந்து விலக்கப்பட்டார்கள். எல்லாப் பழியும் ருக்மிணியுடையதல்ல. ஆனாலும் ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியே போன கதையைப் புத்தளத்தில் இருந்துகொண்டு மறைத்து எழுத என்னால் முடியாது.

என் கோபத்தைத் தணித்தது அதிகம் பேசப்படாத மிச்ச வாழ்க்கைதான். 1939இல் அருண்டேல் தம்பதியர் மரியா மொண்டிசோரியை அடையாறுக்கு அழைத்து வந்தார்கள். சிறு பிள்ளை தொட்டும் பார்த்தும் கற்கும் என்ற அவருடைய முறை அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்றப்பட்டது. உ.வே. சாமிநாதையர் 1942இல் காலமானார். அவர் ஊரூராக அலைந்து சேர்த்த ஓலைச்சுவடிகளுக்காக மறு ஆண்டே ருக்மிணி ஒரு நூலகம் தொடங்கினார். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் நினைவோடு வாழும் எங்களுக்கு, ஒரு நடனக்காரி சுவடிகளுக்குக் கூரை தேடியது சின்ன விடயமல்ல.

1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். மலையும் அருவியும் குரங்குகளும் நிறைந்த அந்தப் பழைய நூல் ஏட்டிலிருந்து எழுந்து ஆடியது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோது அவர் கொண்டுபோனது விலங்குவதைத் தடுப்பு மசோதா. நேரு அரசு பொறுப்பேற்றதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1986 பெப்ரவரி 24 அன்று மறைந்தார்.

இதையெல்லாம் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: பாவ்லோவா அன்னத்தை எங்கே போய்ப் பார்த்தார்? எனக்குத் தெரிந்தது, அவர் தன் வீட்டுக் குளத்தில் அன்னங்கள் வளர்த்தார் என்பது. ஆசிரியை தலையசைத்துவிட்டுப் பிள்ளைகளைக் களப்புப் பக்கம் கூட்டிப் போனார். அன்று நீர்க்காகம். திரும்பி வந்ததும், நாலு வயதுப் பிள்ளை ஒன்று புத்தக இறாக்கைக்கு முன்னால் ஏறி நின்று, ஈரச் சிறகை உலர்த்துவதுபோல இரு கைகளையும் விரித்தபடி அசையாமல் நின்றது. மன்னாரிலிருந்து வந்த அதன் பாட்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.