லாசன் டெய்ட்

ராபர்ட் லாசன் டெய்ட் (மே 1, 1845 – ஜூன் 13, 1899) எடின்பரோவில் பிறந்து, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆவார். கருக்குழாய் வெடித்து உயிருக்குப் போராடும் பெண்ணை அறுவை மூலம் காப்பாற்ற முடியும் என்று 1883இல் செய்து காட்டியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்ற டெய்ட், அங்கு பட்டம் பெறாமலேயே 1866இல் மருத்துவத் தொழிலுக்கான உரிமம் பெற்றார். சில ஆண்டுகள் வேக்ஃபீல்டில் பணியாற்றிய பின்னர், 1870இல் பர்மிங்காமில் குடியேறினார். மறு ஆண்டில் அங்கு தொடங்கப்பட்ட பெண்கள் மருத்துவமனையே இவரது முதன்மையான பணிக்களமாயிற்று. 1880இல் அழற்சியுற்ற குடல்வாலை அறுத்து அகற்றினார்; ஆயினும் அதனைப் பத்தாண்டுகள் கழித்தே வெளியிட்டார்.

கருக்குழாய்க் கர்ப்பம்

கரு கருப்பையை அடையாமல் கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்தால், குழாய் வெடித்து வயிற்றினுள் குருதி பெருகக்கூடும். அக்கால மருத்துவர்கள் பெரும்பாலும் குருதி தானே நிற்குமெனக் காத்திருந்தனர்.

1881 கோடையில் இத்தகைய நோயாளி ஒருவரைக் காண டெய்ட் அழைக்கப்பட்டார். வயிற்றைத் திறந்து குழாயை அகற்றலாம் என்று உள்ளூர் மருத்துவர் கூறியபோது டெய்ட் அதற்கு இணங்கவில்லை. வயிற்று அறுவையில் துணிச்சலுக்குப் பெயர் பெற்றவர் இவ்வாறு தயங்கியது வியப்புக்குரியது. நோயாளி இறந்தார். பிணப் பரிசோதனையில், குருதி கசிந்த இடத்தை ஒரு கட்டுப் போட்டு நிறுத்தியிருக்கலாம் என்பது தெளிவாயிற்று.

1883 சனவரியில் முதல் முறையாக இந்த அறுவையை மேற்கொண்டார். ஒட்டியிருந்த திசுக்களை முதலில் பிரிக்க முயன்றதில் குருதிப்போக்கு மிகுந்து அந்நோயாளியும் இறந்தார். எனவே மார்ச் 3 அன்று செய்த அடுத்த அறுவையில் வரிசையை மாற்றினார்: முதலில் குருதிக்குழாய்களைக் கட்டினார், பின்னரே கருக்குழாயை அகற்றினார். அப்பெண் பிழைத்தார். 1888ஆம் ஆண்டளவில் இவர் அறுவை செய்திருந்த ஏறத்தாழ 40 பேரில் மிகச் சிலரே இறந்திருந்தனர்.

கருக்குழாயை லேப்ராஸ்கோப் கருவியின் துணையுடன் சிறு துளைகள் வழியே அகற்றிய செய்தி 1973இல் அமெரிக்காவிலிருந்து வெளியானது. வயிற்றைப் பெரிதாகத் திறக்கும் தேவை அதனால் குறைந்தது. ஆனால் குருதியோட்டத்தை அடைத்துக் குழாயை நீக்கும் அடிப்படை மாறவில்லை.

கருத்துகள்

லிஸ்டரின் கார்பாலிக் அமிலத் தெளிப்பை டெய்ட் கடுமையாக எதிர்த்தார். சோப்பும் கொதிக்கவைத்த நீரும் போதும் என்பது இவரது நிலைப்பாடு. கிருமிக் கோட்பாட்டை ஏற்க மறுத்தவரின் அறுவை அறை பிறர் அறைகளைவிடத் தூய்மையாக இருந்ததே இவரது வெற்றிக்கு முக்கிய காரணம் எனலாம். உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்வதையும் எதிர்த்து எழுதினார்.

இறப்பு

சிறுநீரக நோயால் வேல்சிலுள்ள லாண்டட்னோவில் 54ஆம் வயதில் காலமானார். உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் அங்கேயே வைக்கப்பட்டது.