மிளகும் மன்னரும்: குமரி மண்ணின் வணிகப் பாடம்

2025 ஏப்ரலில் அரிய மண் தனிமங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. சில வாரங்களிலேயே, காந்தம் கிடைக்காமல் அமெரிக்க, ஐரோப்பிய கார் ஆலைகள் தடுமாறின. ஆசிய அரசு ஒன்று, ஒரே சரக்கைத் தன் கைக்குள் வைத்து மேற்குலகத் தொழிலை நெருக்குவது பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். களியக்காவிளை வட்டாரத்துக்கு அது பழைய கதை.

இன்று மாநில எல்லையாக நிற்கும் இவ்வூர், 1949 வரை திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. அந்த அரசை உருவாக்கியவர் மார்த்தாண்ட வர்மா. 1729-இல் அவர் அரியணை ஏறியபோது வேணாடு சிறியது. எட்டு வீட்டில் பிள்ளைமார் முதலான பிரபுக்களின் பிடியில் அரசு சிக்கியிருந்தது. மேற்குக் கரையின் மிளகையோ, சிற்றரசர்களுடன் தனித்தனியே ஒப்பந்தம் செய்து டச்சுக் கம்பெனி மலிவு விலைக்கு அள்ளிச் சென்றது.

மிளகு விளையும் நிலம் ஒரே ஆட்சியின்கீழ் வந்தால் விலையை நிர்ணயிப்பவர் மாறிவிடுவார் என்பதை அவர் உணர்ந்தார். பிரபுக்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கினார். அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக இணைத்தார். தடுக்க வந்த டச்சுப் படை 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் தோற்றது. சிறைப்பட்ட தளபதி டிலனாயைத் தண்டிக்காமல், அவரைக் கொண்டே தம் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி அளித்தார். எதிரியின் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு எதிரியையே மிஞ்சும் இந்த உத்தியைச் சீனாவும் பிற்காலத்தில் கையாண்டது.

அடுத்து, மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார். விளைச்சல் முழுவதும் அரசுப் பண்டகசாலைக்கே வர வேண்டும் என்றானது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின் மூலம், அவருடைய விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று டச்சுக் கம்பெனி பணிந்தது. 1758-இல் மன்னர் மறைந்தபோது, கொச்சி வரை அவரது செல்வாக்கு எட்டியிருந்தது.

இந்த வெற்றிக்கு விலையும் இருந்தது. அரசு நிர்ணயித்த விலைக்கே மிளகைக் கொடுக்கும் நிலைக்கு உழவர் தள்ளப்பட்டனர். டச்சுக்காரர் விட்டுச்சென்ற இடத்தில் ஆங்கிலேயர் வந்து அமர்ந்தனர். 1795 உடன்படிக்கைக்குப் பின் திருவிதாங்கூர் அவர்களின் நிழலுக்குள் சென்றது. ஒரு கம்பெனியை வெல்வது வேறு, சார்பு நிலையிலிருந்து விடுபடுவது வேறு.

இன்று சீனாவுக்கு மாற்றாகக் குமரிக் கடலோர மணல் பேசப்படுகிறது. மணவாளக்குறிச்சியின் மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் உள்ளன. ஆனால், கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் அள்ளும் திட்டத்தை மீனவ மக்கள் அச்சத்துடன் எதிர்க்கின்றனர். அன்று மிளகின் பயன் கருவூலத்துக்கும் சுமை உழவருக்கும் சென்றது. இன்று மணலின் பயன் நாட்டுக்கும் சுமை கரையோரத்துக்கும் என்று ஆகிவிடக் கூடாது. மார்த்தாண்ட வர்மாவின் துணிவைப் பின்பற்றுவோர், அவர் கணக்கில் விடுபட்ட மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.