கணிதமேதை இராமானுஜனும் விடுபட்ட ஓர் எண்ணும்

திருவிழாக் காண வந்துள்ள அன்பர்கள், பிரசாதம் பங்கிடும் முறையைக் கண்டிருப்பர். பன்னிரண்டு அதிரசங்களை ஒருவர், இருவர், மூவர், நால்வர், அறுவர், பன்னிருவர் என ஆறு வகையில் மிச்சமின்றிச் சமமாகப் பகிரலாம். பன்னிரண்டிற்கும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் வகுஎண்களின் மிகுதியால் விஞ்சி நிற்கும் எண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர், தமிழகம் ஈன்ற சீனிவாச இராமானுஜன் ஆவார்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், எளிய வைணவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் குடந்தையில் துணிக்கடைக் கணக்கர். சாரங்கபாணிப் பெருமாள் சன்னிதித் தெருவில் இருந்த சிறு இல்லத்திலேயே இராமானுஜன் வளர்ந்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் குலதெய்வம். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் பிற பாடங்களில் தவறிக் கல்லூரிப் படிப்பை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறானது என்று தயங்கிய அன்னையார், கனவில் தாயாரின் ஆணை பெற்றே இசைந்தார் என்பர். 1914 மார்ச் 17இல் அவர் கப்பலேறினார்.

1915இல் இலண்டன் கணிதக் கழகம் அவரது நீண்ட கட்டுரையை வெளியிட்டது. போர்க்காலப் பொருள் நெருக்கடியால் அதன் ஒரு பகுதி அப்பொழுது அச்சேறவில்லை, 1997இல்தான் வெளிவந்தது. அக்கட்டுரையில் இத்தகைய எண்கள் 102ஐக் கணக்கிட்டு அட்டவணையாகத் தந்தார். இறுதியில் நிற்பது 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேற்பட்ட இவ்வெண்ணுக்கு 10,080 வகுஎண்கள் உள்ளன.

இதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். பகா எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் முறை கூடுவதில்லை. இறுதிப் பகா எண் ஒரு முறையே வரும். 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே இதற்கு விலக்கு. இவற்றை இராமானுஜன் நிறுவிக் காட்டினார்.

எனினும் அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 2,93,31,86,25,600 என்பதே அது. அதன் வகுஎண்கள் 5,040. வியப்பு யாதெனில், விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே கிடைக்கிறது. 23 புதிதாகச் சேர்வதால் வகுஎண்களும் சரியாக இரட்டிக்கின்றன. மாமேதையின் கணக்கிலும் ஒரு வழு நேர்ந்தது. ஆயினும் அவர் நிறுவிய உண்மைகளுக்கு அதனால் ஊறு நேரவில்லை. விடுபட்டதும் அவர் வகுத்த விதிக்கு அடங்கியே நிற்கிறது.

இவ்வாராய்ச்சிக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

பிரசாதம் பெற்றுத் திரும்பும் அன்பர்கள் கடியப்பட்டணத்துக் கடற்கரை மணலில் சற்றே அமர்ந்து, பன்னிரண்டையும் இருபத்து நான்கையும் தம் மக்களுக்கு வகுத்துக் காட்டுவார்களாக. அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.