விளக்கேந்திய தாதி போட்ட கணக்கு

தாதியருக்கான விருதுகளில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பதக்கம். 1912-இல் அனைத்துலகச் செஞ்சிலுவை மாநாட்டில் முடிவாகி, முதல் உலகப் போரால் தள்ளிப்போய், 1920-இல்தான் முதன்முறையாக வழங்கப்பட்டது. தாதியரை மிஸ்ஸி என்று அழைத்துப் பழகிய நமக்கும் அந்தப் பெயர் பள்ளிப் பாடத்திலிருந்தே தெரியும். கையில் விளக்கு, இரவு நேரம், வரிசையாகக் கட்டில்கள். அதோடு பாடம் முடிந்துவிடும்.

அவர் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண். 1820 மே 12-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்ததால் ஊரின் பெயரையே வைத்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அன்று மரியாதை கிடையாது. பெற்றோர் பல ஆண்டுகள் தடுத்தார்கள். தேடி வந்த வரனையும் வேண்டாம் என்றவர், 31 வயதில்தான் ஜெர்மனியில் சில மாதங்கள் முறையான பயிற்சி பெற முடிந்தது.

1854 நவம்பரில் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. சமையல், சலவை, படுக்கை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்ட 100 பேரில் 42 பேர் இறந்தார்கள். காயத்தால் இறந்தவர்களைவிடக் காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் போனவர்களே மிக அதிகம். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு அதைக் கழுவிவிட்டு, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சரிசெய்தது. கோடைக்குள் 42 என்பது ஏறக்குறைய 2 ஆனது.

நாடு திரும்பியபின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து அந்த மரணங்களை மாத வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் சுகாதாரக் கேட்டின் முழுக் கணக்கும் அவருக்கு விளங்கியது. அதை அமைச்சர்களுக்குப் புரியும்படி வண்ண வட்டப் படமாக வரைந்தார். என் கணிப்பில் விளக்கைவிட இந்தப் படம் காப்பாற்றிய உயிர்களே அதிகம். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளி தொடங்கியபோது, அவரே நோயாளி. பெரும்பாலும் அறைக்குள் அடைந்து கிடந்தபடிதான் கடிதங்களாலும் அறிக்கைகளாலும் அரசாங்கத்தை அசைத்தார்.

ஒரு வேடிக்கை. செஞ்சிலுவை போன்ற தொண்டுச் சங்க யோசனை முதலில் எழுந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. காயம்பட்ட சிப்பாயைப் பார்ப்பது அரசின் கடமை, அந்தப் பொறுப்பிலிருந்து அரசைத் தப்பவிடக் கூடாது என்பது அவர் வாதம். அதே செஞ்சிலுவைதான் பின்னர் அவர் பெயரில் பதக்கம் தந்தது.

1910 ஆகஸ்ட் 13-இல், 90 வயதில் காலமானார். அரசர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இடம் தர முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டனர். கிராமத்துக் கல்லறைக் கல்லில் அவரது முழுப்பெயர்கூட இல்லை. இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டுமே.