இச்சாமதிக் கரையின் எழுத்தாளர்

வங்காளத்தில் இச்சாமதி என்னும் சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் உள்ள பராக்பூர் என்ற சிற்றூரே விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் சொந்த ஊர். இவர் 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் பிறந்தார். தந்தை மகானந்தர் வடமொழி கற்றவர்; ஊர் ஊராகச் சென்று புராணக் கதைகளைச் சொல்பவர். கல்வி இருந்த அந்த வீட்டில் செல்வம் இல்லை. விபூதிபூஷண் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே தந்தை காலமானார். இருப்பினும், அவர் படிப்பைக் கைவிடவில்லை. கல்கத்தாவில் உள்ள ரிப்பன் கல்லூரியில் பயின்று 1918ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். மேற்படிப்பைத் தொடரக் குடும்ப நிலை இடம் தரவில்லை.

அக்காலத்தில் அவருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. திருமணமாகி ஏறத்தாழ ஓர் ஆண்டே ஆகியிருந்த நிலையில் அவருடைய மனைவி கௌரி நோயுற்று இறந்தார். அதன் பிறகு விபூதிபூஷண் பல ஆண்டுகள் தனியாகவே வாழ்ந்தார். பிழைப்புக்காகச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர், செல்வக் குடும்பம் ஒன்றின் நிலங்களை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. அந்நிலங்கள் பீகார் மாநிலத்தின் பாகல்பூர்ப் பகுதியில் இருந்தன.

பாகல்பூரில்தான் அவர் தம் முதல் நாவலை எழுதத் தொடங்கினார். சொந்த ஊரை விட்டு வெகுதொலைவில் இருந்தபோது, அந்த ஊரின் மூங்கில் தோப்பும் மாமரங்களும் ஆற்றங்கரையும் அவர் நினைவில் எழுந்தன. 1925ஆம் ஆண்டு தொடங்கிய எழுத்துப் பணி 1928ஆம் ஆண்டில் நிறைவுற்றது. விசித்திரா என்னும் இதழில் தொடராக வெளிவந்து, 1929ஆம் ஆண்டு நூல் வடிவம் பெற்ற அந்நாவலே 'பதேர் பாஞ்சாலி'.

இந்நாவலில் மன்னர்கள் இல்லை. வீரச் செயல்களும் இல்லை. அப்பு என்னும் சிறுவன், அவன் அக்காள் துர்கா, வறுமையோடு போராடும் பெற்றோர், யாருக்கும் வேண்டாதவராகிவிட்ட ஒரு முதிய அத்தை ஆகியோரே இதன் மாந்தர்கள். மழையில் விழுந்த மாங்காயைப் பொறுக்குவதும், தொலைவில் செல்லும் ரயிலைப் பார்க்க ஏங்குவதும்கூட இங்கே பெரிய நிகழ்ச்சிகளாகின்றன. ஏழைப் பிள்ளைகளின் சிறிய ஆசைகளும் இலக்கியத்தில் இடம்பெறத் தக்கவை என்பதை விபூதிபூஷண் எடுத்துக்காட்டினார்.

பணியின்போது அவர் கண்ட இன்னொரு காட்சி 'ஆரண்யக்' என்னும் நாவலாக 1939ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் பார்த்த வேலையின் நோக்கம், காட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் ஈட்டுவதாகும். குத்தகைக்கு எடுத்தவர்கள் மரங்களை வெட்டி வயல்களை உண்டாக்குவார்கள். நாவலின் நாயகன் சத்தியசரணும் இதே வேலைக்காகக் காட்டுக்குச் செல்கிறான். தொடக்கத்தில் தனிமை அவனை வாட்டுகிறது. நாளடைவில் நிலவொளியில் விரியும் காடும், அங்கு வாழும் எளிய மக்களும் அவன் மனத்தைக் கவர்கின்றனர். ஆனால், அவன் நேசிக்கும் காட்டை அழிப்பதே அவனுடைய வேலை. நிலமற்ற ஏழைகளுக்குப் பயிரிட நிலம் தேவை; காடோ ஒருமுறை அழிந்தால் மீண்டும் வராது. இந்தச் சிக்கலுக்கு விபூதிபூஷண் எளிதான விடை எதுவும் கூறவில்லை. இறுதியில் சத்தியசரண் தான் அழித்த காட்டிடம் மனத்தால் மன்னிப்புக் கேட்கிறான். இதே நாவலில் யுகலபிரசாத் என்னும் ஏழை வருகிறான். எந்தப் பயனையும் எதிர்பாராமல், எங்கிருந்தோ விதைகளைக் கொண்டுவந்து காட்டில் பூச்செடிகளை வளர்ப்பதே அவன் மகிழ்ச்சி. காட்டை அழிப்பவனும் அதை அழகுபடுத்துபவனும் அங்கே நண்பர்களாகிறார்கள்.

விபூதிபூஷண் இளையோருக்காகவும் எழுதினார். 1937ஆம் ஆண்டு வெளிவந்த 'சாந்தேர் பாஹாட்', அதாவது 'நிலவின் மலை', வங்காளச் சிற்றூர் இளைஞன் ஒருவன் ஆப்பிரிக்காவில் மேற்கொள்ளும் சாகசப் பயணத்தைக் கூறுகிறது. விபூதிபூஷண் ஆப்பிரிக்காவுக்குச் சென்றதே இல்லை. நூல்களைப் படித்துத் திரட்டிய செய்திகளைக் கொண்டே அந்த நிலப்பரப்பை வாசகர் கண்முன் நிறுத்தினார்.

புகழ் பெற்ற பிறகும் அவர் எளிய வாழ்க்கையையே வாழ்ந்தார். மீண்டும் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1940ஆம் ஆண்டில் மறுமணம் செய்துகொண்டார். 1950ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், காட்சிலா என்னும் ஊரில் தம் 56ஆம் வயதில் காலமானார். தம் ஊர் ஆற்றின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'இச்சாமதி' நாவலுக்காக, அவர் மறைவுக்குப் பின் ரவீந்திர விருது வழங்கப்பட்டது.

விபூதிபூஷணின் படைப்புகளைத் தமிழிலும் படிக்கலாம். பதேர் பாஞ்சாலியை ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்துள்ளார். இவர் கொங்கு நாட்டு உழவர்களின் வாழ்வை 'நாகம்மாள்' என்னும் நாவலில் எழுதியவர். ஒரு வட்டாரத்தின் வாழ்வை எழுதியவரே இன்னொரு வட்டாரத்தின் வாழ்வைத் தமிழுக்குக் கொண்டுவந்தது பொருத்தமாக அமைந்தது. ஆரண்யக் நாவலை த. நா. சேனாபதி 'வனவாசி' என்னும் பெயரில் தமிழாக்கம் செய்துள்ளார்.

முதன்முறையாக வாசிப்போர் பதேர் பாஞ்சாலியிலிருந்து தொடங்கலாம். கதை மெதுவாக நகர்வதாகத் தோன்றினால், அப்புவும் துர்காவும் சேர்ந்து திரியும் பகுதி வரும்வரை பொறுமையாகப் படிப்பது நல்லது. அதன் பிறகு நூலைக் கீழே வைக்க மனம் வராது. சத்யஜித் ராய் 1955ஆம் ஆண்டில் இதைத் திரைப்படமாக்கினார். படத்தைப் பார்த்தவர்களும் நூலைப் படிக்க வேண்டும். படத்தில் அக்காளும் தம்பியும் நாணற்பூக்களின் நடுவே நின்று ரயிலைப் பார்க்கின்றனர். நாவலிலோ துர்காவின் அந்த ஆசை நிறைவேறுவதே இல்லை. உடல் நலமானதும் ரயிலைக் காட்டும்படி தம்பியிடம் கேட்டவள், காய்ச்சலால் இறந்துபோகிறாள். பின்னர், ஊரை விட்டு ரயிலில் செல்லும்போது அப்பு அவளை நினைத்துக்கொள்கிறான்.

பதேர் பாஞ்சாலியை முடித்தவர்கள் அடுத்து வனவாசியைப் படிக்கலாம். சத்தியசரணின் இடத்தில் தாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி அதைப் படிப்போர் மனத்தில் எழாமல் இருக்காது.